சோபாரா நோக்கி ஒரு தம்ம யாத்திரை

அமைதியை வேண்டிப் பலர் ஒன்றுகூடி நெடுந்தூரம் நடந்து செல்லும் வழக்கத்தைக் குறித்து நம் சங்கத்து அன்பர்கள் மூன்று வினாக்களை எழுப்பியுள்ளனர். நடப்பதனால் அமைதி உண்டாகுமோ என்பது ஒன்று. பிற சமயத்தார் மேற்கொள்ளும் பாதயாத்திரையைக் கண்டு நாமும் அவ்வாறு செய்வதன்றோ இது என்பது மற்றொன்று. நம் மக்கள் குடியிருக்க வீடின்றியும் குழாயில் நீரின்றியும் வாடுகையில் அமைதி, அமைதி என்று சாலையில் நடப்பது நம்மை நாமே ஏய்த்துக்கொள்வதாகாதோ என்பது மூன்றாவது. இம்மூன்றாவது வினாவைக் கேட்டவர் ஓர் இளைஞர். கேட்ட முறை சற்றுக் கடுமையாயினும், மூன்றனுள் அதுவே பெரிய வினாவென்று கருதுகின்றோம்.

2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நல்லசோபாரா தூபி வரையில் நம்மவர் இருபத்துமூவர் நான்கு நாள் நடந்து சென்றனர். அவருள் நாமும் ஒருவர். அந்நடையையே பாடமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம். நாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாதவர். பாலி மொழியைப் பிறர் செய்த மொழிபெயர்ப்புகளின் துணைகொண்டே அறிந்தவர். ஆதலின் கற்றோர் இதனுள் குற்றம் காணின் திருத்துவாராக.

இரண்டாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை எளிது. நாம் நடந்து சென்ற சோபாராவே அதற்கு விடை கூறும். பண்டு சூர்ப்பாரகம் என்றும் சுப்பாரகம் என்றும் வழங்கிய பெருந்துறைமுகம் அது. 1882-ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞர் அவ்வூரில் புருட் ராஜாச்சா கோட் என மக்கள் அழைத்துவந்த மேட்டை அகழ்ந்தார். அஃது ஒரு பௌத்தத் தூபி எனத் தெளிவாயிற்று. உள்ளே கற்பேழையும், வெண்கலப் புத்தர் உருவங்களும், பொற்பூக்களும், ஒரு மட்கலத்தின் சில்லுகளும் இருந்தன. அதே ஆண்டில் அவ்வூரிலேயே அசோக மன்னரின் பாறைச் சாசனத்தின் உடைந்த துண்டு ஒன்றும் கிடைத்தது. அது எட்டாம் சாசனத்தின் துண்டு. ஒன்பதாம் சாசனத்தின் துண்டு 1956-இல் கிடைத்தது. பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்ற அதே ஆண்டு. இவ்வொற்றுமைக்கு நாம் பொருள் ஏதும் கற்பிக்கவில்லை. ஆயினும் அதனை நினைக்கையில் ஒரு மகிழ்ச்சி உண்டாகின்றது.

எட்டாம் சாசனம் கூறுவது யாது? முன்னாளைய அரசர் வேட்டையும் கேளிக்கையும் நாடி யாத்திரை போயினர். அசோகரோ முடிசூடிய பத்தாம் ஆண்டில் போதிமரம் நின்ற தலத்திற்குச் சென்றார். அதுமுதல் அவர் செல்லும் யாத்திரை தம்ம யாத்திரை ஆயிற்று என்பதே. அந்தணரையும் சிரமணரையும் காணுதல், முதியோரைக் கண்டு உதவுதல், நாட்டுப்புற மக்களை அவர்தம் இடத்திலேயே சென்று சந்தித்துத் தம்மம் பேசுதல் ஆகியவை அதன் உறுப்புகள். கலிங்கத்தில் குருதி பெருக்கிய கால்கள் பிறகு மக்களைத் தேடி நடந்தன. இதனைக் கல்லில் பொறித்து நம் கடற்கரையிலேயே நிறுத்தியிருந்தனர். எனவே தம்மத்திற்காக நடத்தல் பிறரிடம் கடன் வாங்கிய பழக்கமன்று. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்து நாட்டுப் பிக்குகள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் பர்பணியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் நடந்து தாதர் சைத்தியபூமியை அடைந்ததைப் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள். அவர்களைக் கண்ட பின்னரே நம் சங்கத்துப் பெண்கள் நாமும் நடப்போம் என்று முதலில் கேட்டனர். ஆடவர் இணங்கப் பத்து மாதம் ஆயிற்று.

இனி நடந்த வகையைக் கூறுவோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தருகே கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதிப் புறப்பட்டோம். சயன் பாலத்தின் மீதேறித் தாராவிக்குள் இறங்கினோம். (அப்பாலம் அவ்வாண்டு ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடப்பட்டது.) தொண்ணூறு அடிச் சாலையில் அப்போதுதான் தேநீர்க் கடைகள் திறந்துகொண்டிருந்தன. அங்கிருந்து கலாநகர் வழியே மேற்கு விரைவுச் சாலையை அடைந்து, அந்தேரி, கோரேகாவ் கடந்து மாலையில் போரிவலி சேர்ந்தோம். இரண்டாம் நாள் கான்ஹேரிக் குகைகளுக்கு ஏறி இறங்கினோம். மூன்றாம் நாள் தகிசர் தாண்டி வசாய் உப்பங்கழியின் பாலத்தைக் கடந்தோம். நான்காம் நாள் சோபாரா.

முப்பது ஆண்டுக்கு முன்னர் நாம் ஆலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்தவர். அவ்வேலையாவது, இரு வரிசை எந்திரங்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நடந்து, அறுந்த இழையைக் கண்டவிடத்து ஒட்டிச் செல்லுவதாம். கணக்கிட்டால் ஒரு ஷிப்டில் பல கல் தொலைவு நடந்திருப்போம். ஓர் ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. அதனால் நடத்தல் நமக்கு எளிது என்று செருக்குற்றிருந்தோம். முதல் நாளே அச்செருக்கு ஒழிந்தது. ஆலையில் நம் நடையின் வேகத்தை எந்திரம் வரையறுத்தது. குழுவாக நடக்கும்போதோ, எல்லாருக்கும் பின்னே வருபவர் வரையறுக்கின்றார். நம் குழுவில் அறுபத்தெட்டு வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் நடையே நம் அனைவரின் நடை. இதனை வாயால் ஒப்புக்கொண்ட நாமே நண்பகலுக்குள் இருமுறை இருநூறு அடி முன்னே சென்று நின்று, திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அவர் அதனைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவரை வரிசையின் தலைப்பில் நிறுத்துவதென்று முடிவு செய்யப்பட்டது. இம்முறையைக் கூறியவரும் ஒரு பெண்மணியே.

கான்ஹேரியைப் பற்றி நம் இதழில் முன்னரும் எழுதியுள்ளோமாதலின் இங்கே சுருக்குவோம். நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். பற்பல நூற்றாண்டுகள் பிக்குகள் உறைந்த இடம். அங்குள்ள கல்வெட்டுகளில் சோபாரா, கல்யாண், நாசிக் முதலிய ஊர்களின் கொடையாளர் பெயர்கள் காணப்படுகின்றன. மழைநீரை ஏந்தக் குகைதோறும் கல்லில் வெட்டிய தொட்டிகள் உள்ளன. ஓர் இளைஞர் அத்தொட்டியின் விளிம்பில் அமர்ந்து, "தாராவியில் கட்டிய எவனுக்கும் இது தோன்றவில்லையே" என்றார். உண்மைதான்.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். பாலத்திற்கு அப்பால் சாலையோரம் ஒற்றை வரிசையில் செல்லுகையில், ஒரு வண்டியில் வந்த மூவர் வேகத்தைக் குறைத்து, நம் நீலக்கொடியையும் பஞ்சசீலக் கொடியையும் பார்த்துச் சாதியைச் சுட்டும் இழிமொழி கூறிச் சென்றனர். சற்றுத் தொலைவு சென்று திரும்பியும் வந்தனர். நம் இளைஞர் ஒருவர் குனிந்து கல்லெடுத்தார். அவரைத் தடுக்க வேண்டிய நாமோ, ஆலையிற் கற்ற சொற்கள் அனைத்தையும் மராத்தியில் உரக்கக் கூறிவிட்டோம். முப்பது ஆண்டு தம்மம் பேசிய நாவில் அச்சொற்கள் ஒன்றுகூட மறவாமல் இருந்தன. இளைஞர் கையிலிருந்த கல் எறியப்படாமைக்குக் காரணம் நாம் அல்லோம். முன்னே நடந்த அம்மையார் வந்து, சிறுவனைச் சாலை கடத்துவார்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்லைக் கீழே போடும்படி சொல்லவில்லை. ஏறத்தாழ அரைக் கல் தொலைவு சென்றபின் அது தானே விழுந்தது.

அன்றிரவு நாம் போதிக்க வேண்டிய பாடம் புண்ண தேரரைப் பற்றியது. அதனை முன்னரே குறித்திருந்தோம். வாய் திறக்கவே கூச்சமாயிருந்தது. ஆயினும் அவ்விடத்திற்கு அதனினும் பொருத்தமான பாடம் இல்லை. மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள வரலாறு இது. சுனாபராந்த நாட்டவரான புண்ணர் தம் நாட்டிற்கே சென்று வாழ விரும்பிப் பகவரிடம் விடைபெற வந்தார். அந்நாட்டின் துறைமுகம் சுப்பாரகம் என்பது மரபு. அஃதாவது நாம் மறுநாள் அடையவிருந்த ஊர். அந்நாட்டார் கொடியர், உம்மை ஏசினால் யாது நினைப்பீர் என்று பகவர் வினவினார். கையால் அடிக்கவில்லையே, நல்லவர் என்று நினைப்பேன் என்றார் புண்ணர். கையால் அடித்தால்? மண்ணாங்கட்டியால் எறியவில்லையே என்பேன். கட்டியால் எறிந்தால்? கோலால் அடித்தால்? வாளால் வெட்டினால்? இவ்வாறு ஒவ்வொரு படியாகக் கேள்வி ஏறிற்று. உயிரையே போக்கினும் வெறுப்புக் கொள்ளேன் என்னும் கருத்தில் விடை முடிந்தது. இத்தகைய அடக்கம் உடைய நீர் அந்நாட்டில் வாழத் தகுதியுடையீர் என்று பகவர் விடை கொடுத்தார். புண்ணர் அங்குச் சென்று அம்மழைக்காலத்திலேயே ஐந்நூறு உபாசகரையும் ஐந்நூறு உபாசிகைகளையும் நெறிப்படுத்தினார் என்று அச்சுத்தம் கூறும்.

இதனைக் கேட்டதும், மூன்றாவது வினாவை எழுப்பிய அதே இளைஞர் எழுந்தார். "ஐயா, ஏசுவாரை நல்லவர் என்று எண்ணச் சொல்லித்தானே ஈராயிரம் ஆண்டாக நம்மைக் குனிய வைத்தனர்? புண்ணர் பிக்கு, அவருக்கு வீடில்லை, பிள்ளையில்லை. நமக்கு அது பொருந்துமோ?" என்றார். நியாயமான கேள்வி. நாம் அப்போது கூறிய விடை அரைகுறையானது. பிறகு எண்ணித் தெளிந்ததை இங்கே எழுதுகின்றோம்.

புண்ணர் கொடியரிடமிருந்து ஒதுங்கி அடங்கியிருந்தவர் அல்லர். கொடியர் என்று அறிந்தே அவரிடம் நடந்து சென்றவர். குனிதலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கால்களில் இருக்கிறது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் பாபாசாகேப் மகாத் நகரில் ஆயிரக்கணக்கான மக்களை வரிசையாக நடத்திச் சென்று சவுதார் குளத்து நீரைப் பருகச் செய்தார். அது பொதுக்குளம், நம்மவர் தவிர யாவரும் பருகியது. அன்றே நம்மவர்மீது தாக்குதல் நிகழ்ந்தது. திருப்பியடிக்க வல்லோர், படையிற் பணிபுரிந்தோர் பலர் அவர் சொல்லுக்காகக் காத்து நின்றனர். அவர் அடிக்க விடவில்லை, உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. குளத்திற்கு நடந்ததும் கையை அடக்கியதும் ஒரே நாளில் ஒரே தலைவர் செய்தவை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விடுவோர் அவரைப் பாதியே அறிந்தவர்.

அமைதிக்காக நடந்தோர் குண்டுகளுக்கு நடுவிலும் சென்றுள்ளனர். கம்போடியா நாட்டில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடிய ஆட்சியில் பதினைந்து முதல் இருபது லட்சம் மக்கள் மாண்டனர். மகா கோசானந்தர் என்னும் பிக்கு அப்போது நாட்டுக்கு வெளியே இருந்தமையால் உயிர் தப்பினார்; குடும்பத்தார் அனைவரையும் இழந்தார். இவர் 1950-களில் பீகாரில் நாளந்தாவில் பயின்றவர். ஜப்பானியப் பிக்கு நிசிதத்சு பூஜி அவர்களிடமும் பாடம் கேட்டவர். பூஜியின் சங்கத்தார் பறை அறைந்துகொண்டு நடப்பவர்; வொர்லியில் உள்ள ஜப்பானியக் கோயில் அவர்களுடையதே. கோசானந்தர் 1992-ஆம் ஆண்டில், தாய்லாந்து எல்லையில் முகாம்களில் தங்கியிருந்த அகதிகளை அழைத்துக்கொண்டு கண்ணிவெடி நிறைந்த நாட்டின் ஊடே ஒரு மாதம் நடந்து தலைநகர் புனோம் பென் சேர்ந்தார். அந்நடைக்கு அவர்கள் மொழியிலும் தம்ம யாத்திரை என்றே பெயர். அசோகர் கல்லில் வெட்டிய அதே சொல். சாலையில் பிரிந்திருந்த உறவினர் பல ஆண்டுக்குப் பின் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 1994-இல் நடந்த யாத்திரை இரு படைகளின் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே சிக்கி, ஒரு பிக்குவும் ஒரு பிக்குணியும் உயிர்நீத்தனர். அதன் பிறகும் ஆண்டுதோறும் நடந்தனர். கோசானந்தர் 2007-இல் காலமானார். அவர் நடந்ததனால் போர் நின்றதோ என்று கேட்பின், ஒரு நடையால் மட்டும் நிற்கவில்லை என்றே கூறவேண்டும். ஆயினும் வீட்டுக்குள் அஞ்சி ஒடுங்கியிருந்தோர் வாசலில் நீர்க்குடத்துடன் வந்து நின்றனர்.

வாசலைப் பற்றி எழுதும்போது நம் வாசலையும் எழுத வேண்டும்.

முதல் நாள் விடியலில் தாராவியைக் கடக்கையில் ஒரு சந்தின் முனையில் நம் கால் தயங்கிற்று. வரிசை சென்றுகொண்டிருந்தமையால் நாமும் சென்றுவிட்டோம். அச்சந்தில் ஒரு பாய் குடியிருக்கின்றார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஆலையில் நமக்கு முதன்முதலில் இழை ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரே. நாம் பதிலித் தொழிலாளியாய்க் காலையில் ஆலை வாயிலில் வேலைக்குக் காத்து நின்ற நாட்களில், வேலை கிடைக்காத அன்று தம் சோற்றில் பாதியைக் கொடுத்தவர். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இம்மாநகரில் நிகழ்ந்த கலவரத்தில் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். அந்த ஜனவரியில் அவர் வீட்டை ஒட்டிய கடையைக் கொளுத்தினர். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்தின் அகலமே.

நாம் அப்போது இருபத்துமூன்று வயதினர். திரிசரணம் ஏற்று இரண்டாண்டு ஆகியிருந்தது. நாம் யாரையும் அடிக்கவில்லை, எதனையும் கொளுத்தவில்லை. நான்கு நாள் கதவடைத்து உள்ளே இருந்தோம். காலையும் மாலையும் பஞ்சசீலம் ஓதினோம். ஊரடங்கு இருந்தது உண்மையே. ஆனால் அது தளர்த்தப்பட்ட நேரத்தில் நாம் பால் வாங்கச் சென்றோம். அவ்வழியாகச் செல்லவில்லை. பின்னர் அவர் குடும்பத்துடன் உறவினர் வீட்டிற்குச் சென்று, ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். ஆலையில் எதிர்ப்பட்டால் தலையசைப்போம். ஆலையும் மூடப்பட்டது, அதுவும் நின்றது. முப்பத்தோராண்டு காலம், கலவரத்தில் நாம் அமைதி காத்தோம் என்றே நினைத்துவந்தோம். சொற்பொழிவுகளில் அவ்வாறு கூறியதும் உண்டு.

சோபாராவில் தூபியை வலம்வந்து அமர்ந்தபோது மற்றவர் களைப்பு நீங்கி மகிழ்ந்திருந்தனர். நமக்கு அந்தச் சந்தே நினைவில் நின்றது. இரயிலில் திரும்பிய மறுநாள் மாலை அங்குச் சென்றோம். பாய்க்கு எழுபத்தைந்து வயது இருக்கும். கண் சற்று மங்கியுள்ளது. குரலைக் கொண்டு அடையாளம் கண்டு, "வா தம்பி, உட்கார்" என்றார். அந்த நான்கு நாளைப் பற்றிச் சொல்லவே வந்ததாகக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் தம்பி. உன் வீட்டுச் சன்னல் எங்கள் பக்கந்தான். மூடியிருந்ததைப் பார்த்தேன்" என்றார். பேத்தியை அழைத்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. கால் வலிக்கிறதா என்று மட்டும் வினவினார். வலித்தது.

முதல் வினாவுக்கு நாம் அறிந்த விடை இதுவே, அன்பர்காள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்த பின்னரே அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க நமக்கு இயன்றது. அதனை முதலிலேயே கடந்திருக்கலாகாதோ என்று நீங்கள் கேட்கலாம். கடந்திருக்கலாம், கடக்கவில்லை. கொல்லாமை என்னும் முதற் சீலத்தை நாம் அந்த ஜனவரியில் காத்தோமா, அன்றி அதன் பின்னே ஒளிந்துகொண்டோமா என்பதை வரும் ஞாயிறு வகுப்பில் ஆராய வேண்டும். உங்கள் கருத்தை எழுதிக்கொண்டு வருக. அவ்விளைஞரே பாடம் தொடங்குவார்.

வரும் தைப் பௌர்ணமியை ஒட்டி மீண்டும் சோபாராவுக்கு நடப்பதாக உள்ளோம். புதுச் செருப்பு அணிந்து வரவேண்டா. ஒரு மாதமேனும் தேய்ந்த செருப்பே நன்று. பருத்திக் காலுறை இரண்டு இணை, தண்ணீருக்கு ஒரு புட்டி, வெயிலுக்குத் துண்டு இவை போதும். மூட்டைகளை ஏற்றிவர ஒரு டெம்போ உண்டு. எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறமே நடக்க வேண்டும். முழக்கங்கள் எழுப்புதல் இல்லை. நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டு வருக. சென்றமுறை ஒருவர் கொப்புளத்தை மறைத்து நடந்து பதினைந்து நாள் படுத்துவிட்டார். மெதுவாக நடப்போர் வர அஞ்ச வேண்டா. அவர்க்கு வரிசையின் தலைப்பில் இடம் உண்டு.

இம்முறை முதல் தங்கல் தாராவியில், பாய் வீட்டு வாசலில். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் தேநீர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முப்பது பேருக்கு மேல் வருவதாயின் முதல் நாளே அறிவிக்குமாறு கேட்டுள்ளார். தம்ளர் இரவல் வாங்க வேண்டுமாம்.